ஐம்பது மெட்டு

ஆந்திர எல்லையில், நகரியில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் விசைத்தறிக் கூடத்தில் வள்ளி அத்தைக்குத் தார் சுற்றுகிற வேலை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழல்களில் நூல் ஏற்றித் தர வேண்டும். பன்னிரண்டு தறிகள் ஓடும் இடத்தில் கத்தினாலும் காதில் விழாது என்பதால் எல்லோரும் சைகையில் பேசிக்கொள்வார்கள். அத்தைக்குச் சைகை பிடிக்காது. பக்கத்துத் தறி ஒருமுறை அடித்து ஓய்ந்ததும் ஒரு சொல்லை விடுவாள். அடுத்த அடிக்கு வாயை மூடிக்கொள்வாள். மறுபடி ஒரு சொல். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் என்னிடம் இப்படித்தான் கேட்பாள்.

"சுரேசு... நைனாக்கு... சோறு... கொணாந்தியா?"

இருபது வருஷம் இப்படிப் பேசிப் பழகியதால் தெருவில் கீரைக்காரியிடம் பேரம் பேசும்போதும் அதே அளவில்தான் வார்த்தை விழும். "தறி நின்னு எவ்ளோ நேரமாச்சு வள்ளி, நீ இன்னும் ஓடிக்கினே கீறயே" என்று என் அம்மா கேலி செய்வாள். "நிறுத்த... ஆளு... இல்லக்கா" என்பாள் அத்தை.

அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை. என் அப்பா செங்கல்வராயன் அதே கூடத்தில் தறி ஓட்டுகிறார். அந்தப் பழக்கத்தில் வந்த உறவு. கல்யாணமாகி ஆறாம் வருஷமே அவள் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். ஒரே பெண், ரேஷ்மா.

'அடிச்ச கை' என்ற ராப் பாட்டைச் சித்தூர், திருப்பதிப் பக்கம் கேட்காதவர்கள் குறைவு. அதில் திரும்பத் திரும்ப வரும் பெண்குரல் வள்ளி அத்தையுடையது. நடுவில் வரும் தமிழ் வரிகள் நான் எழுதியவை. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். படித்ததற்கு உருப்படியாக ஒன்று செய்தான் என்று தெருவில் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போது என்னால் தலையைத் தூக்க முடிவதில்லை. ஏன் என்று சொல்ல, மூன்று வருஷம் முன்னால் நடந்த ஒரு மத்தியானத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். திருப்பதியில் பி.காம். இரண்டாம் வருஷம், லீவில் வந்திருந்தேன். ரேஷ்மா இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்திருந்தாள். காலேஜ் அப்ளிகேஷனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்து அம்மாவின் எதிரில் நின்று கத்தினாள். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உதட்டைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. 'சுரேசண்ணன் மட்டும் படிக்கலாம், நான் படிச்சா ஆவாதா?' அத்தை, வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டினாள். ரேஷ்மா அவள் கையில் இருந்த தாரைப் பிடுங்கினாள். அத்தை கை ஓங்கினாள்.

அந்தக் கூடத்தில் யார் யாரை அறைந்தாலும் சத்தம் கேட்காது. அன்று, சரியாக அந்த நேரத்தில், கரெண்டு போனது. பன்னிரண்டு தறியும் நின்றன. அறை விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். ரேஷ்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். 'படிக்கட்டும் அத்தை' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து கேரியரைத் திறந்துகொண்டிருந்தேன்.

பத்து நாளில் அவள் தடாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அம்மாவின் போனை எடுக்கவில்லை.

போன மாசியில் அத்தை திருப்பதிக்கு வந்தாள். மெட்டு பூஜை செய்வதாக வேண்டுதல். மலைக்குப் போகும் நடைபாதையில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏற வேண்டும். எங்கள் பக்கம் தமிழ் பேசினாலும் படியை மெட்டு என்றுதான் சொல்வோம், தெலுங்கிலிருந்து வந்த சொல். அவள் தேர்ந்தெடுத்த பாதையின் பெயரே ஸ்ரீவாரி மெட்டு. இரண்டாயிரத்து முன்னூற்றுச் சொச்சம் படி. மஞ்சள் வாளியைத் தூக்கிக்கொண்டு வரத் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். அப்போது நான் திருப்பதியில் ரூம் எடுத்துத் தங்கி, யார் கேட்டாலும் "எக்ஸாமுக்கு ப்ரிபேர் ஆகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை இல்லை என்பதற்கு அது ஒரு மரியாதையான பெயர்.

விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். படிக்கு ஒருமுறை குனிந்தாள். படிக்கு ஒருமுறை சாமியிடம் அதையே சொன்னாள்.

"அடிச்ச கை... இது... அடிச்ச கை... மஞ்ச... வெக்கிறதும்... இதே கை... மன்னிக்க... வாணாம்... வந்தா... போதும்..."

நூறாவது படிக்குள் நான் வார்த்தைகளைக் கேட்பதை விட்டுவிட்டேன். தாளம் மட்டும் காதில் இருந்தது. குனிவதும் நிமிர்வதும், நடுவில் சொல் விழுவதும், கொஞ்சம்கூடப் பிசகவில்லை. செல்போனில் ரெக்கார்டு போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். தெரியும். என் காலேஜ் சீனியர் தருண் சித்தூரில் பாட்டு செய்துகொண்டிருந்தான், புதுச் சத்தம் ஏதாவது இருந்தால் கொண்டு வா என்று சொல்லியிருந்தான்.

பாதி வழியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தோம். அத்தை தண்ணீர் குடித்தாள். விரல் நகம் வரை மஞ்சள். போன் பையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"அத்த, உன் மெட்ட நான் எடுத்துக்கட்டுமா?"

அவள் ஏறிவந்த படிகளைத் திரும்பிப் பார்த்தாள். "எடுத்துக்கோ... நைனா... எம்மாம்... வேணும்?"

நான் வாளிக்குள் இருந்த மஞ்சளைப் பார்த்தேன்.

"அம்பது... மெட்டு... எடுத்துக்கோ... நான்... வெச்சதுல... அம்பது... உன் பேர்ல... போவட்டும்... படிச்சிட்டு... சும்மா... குந்திக்கினு கீறயே... பெருமாளு... உனுக்கு... ஒரு வேல... குடுக்கட்டும்."

நான் கேட்டது பாட்டின் மெட்டு. அது நான் புத்தகத்தில் படித்த தமிழ். அத்தையின் வாயில் அந்த அர்த்தத்தில் அந்தச் சொல் வந்ததே கிடையாது. அவள் கொடுத்தது படி. அவள் முதுகு ஒடியக் குனிந்து வைத்த படிகளில் ஐம்பதின் புண்ணியத்தை எனக்குப் பிரித்துக் கொடுத்தாள். எம்மாம் வேணும் என்று கேட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. 'படி இல்ல அத்த, உன் குரலக் கேக்கறேன்' என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

சித்தூரில் தருணின் அப்பாவுக்கு செல்போன் ரிப்பேர் கடை. அதற்குப் பின்னால் இருந்த ரூமில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டுடியோ என்று வைத்திருந்தான். ரெக்கார்டிங்கைப் போட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"ஒரேய் சுரேஷ்! யார்ரா இந்தம்மா? டெம்போ ஒரு எடத்துலகூட நவுரலடா. நான் மெஷின் வெச்சே இப்டி வாசிக்கமாட்டேன்."

"எங்க அத்த. தறிக் கூடத்துல வேல."

"அடிச்ச கை வரைக்கும் கட் பண்றேன். அதுக்கு மேல வாணாம். மன்னிக்க வாணாம், வந்தா போதும்னு அழுதா மாஸ் போயிடும் ரா."

"அது வேண்டுதல்டா. அவ பொண்ண..."

"பொண்ணு கத அடுத்த பாட்டுல வெச்சிக்கலாம். நீ லிரிக் எய்து."

எழுதினேன். 'என் கையப் பாத்து எட்ட நில்லு, எவன் தடுப்பான் வந்து சொல்லு' என்று நானே எழுதினேன். மகளை அடித்த கை என்று ஒருத்தி சாமியிடம் ஒப்புக்கொண்டது, எதிராளியை அடித்த கை என்று மார் தட்டுகிற பாட்டாக ஒரே மாலையில் மாறியது. எழுதும்போது சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்துப் பயனில்லை.

ஹைதராபாத்தில் ஒரு மியூசிக் கம்பெனி பாட்டை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. அந்தக் குரலுக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்று அங்கிருந்து ஒரு மேடம் கேட்டார்கள். மண்டபத்தில் அத்தை 'எடுத்துக்கோ' என்று சொன்னது பதிவான துண்டைத் தருண் அனுப்பினான். மேடம் எனக்கு போன் செய்தார்கள். தெலுங்குக்காரர், கெட்டிக்காரர். மெட்டு என்றால் படிதானே என்று எடுத்தவுடன் கேட்டார்கள்.

"மெட்டு அண்டே ஸ்டெப் கதா? இந்தம்மா ஏதோ ஃபிஃப்டி ஸ்டெப்ஸ்னு சொல்றமாதிரி இருக்கே?"

எதிரில் தருண் கைகூப்பிக்கொண்டு நின்றான். நான் சொன்னேன், "தமிழ்ல மெட்டு அண்டே ட்யூன், மேடம்."

"ஓ, நைஸ்" என்றார்கள். அவ்வளவுதான். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எந்த அகராதியைப் புரட்டினாலும் என் பக்கம்தான் நிற்கும். மூன்று வருஷம் காலேஜில் படித்தது இதற்குத்தானா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டு வெளிவந்தது மாங்காய் சீசனில். சித்தூரில் மாம்பழக் கூழ் கம்பெனிகளுக்கு வெளியே டிராக்டர்கள் இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் நிற்கும். டிரைவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. ஒரு டிராக்டரில் ஆரம்பித்து வரிசை முழுக்க 'அடிச்ச கை' ஓடியது. வலது கையைத் தூக்கி விரித்துக் காட்டுவது அதற்கு ஸ்டெப் ஆயிற்று. யாரோ எடுத்த ரீல்ஸ் லட்சக்கணக்கில் போனது. பிறகு கல்யாண டிஜே, காணிப்பாக்கம் போகிற வேன்கள், எலக்ஷன் பைக் ஊர்வலம், பலமனேரில் ஒரு ஜிம்மின் பெயர்ப்பலகை. ஒரு நகைக்கடை 'வளையல் போட்ட கை' என்று வார்த்தையை மாற்றி விளம்பரம் செய்தது. கம்பெனி எங்களோடு இன்னும் மூன்று பாட்டுக்கு ஒப்பந்தம் போட்டது. தருண் மேடை ஏறினான். எனக்கு மாதச் சம்பளத்தில் பாட்டெழுதும் வேலை கிடைத்தது. ஐம்பது மெட்டு வேலை செய்துவிட்டது.

நான் நகரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அம்மா போனில் சொன்னாள்.

"வள்ளி இப்பல்லாம் பேசறதே இல்லடா. கூடத்துல சைகதான். அவ வாயத் தொறந்தா பசங்க கைய தூக்கிக்கினு ஆடறானுங்க. மொதல்ல அவளும் சிரிச்சா. இப்ப சிரிக்கறதில்ல."

"எதுனா கேட்டாளா?"

"நீ எப்ப வருவேன்னு ஒரு தரம் கேட்டா. அப்புறம் கேக்கல."

கார்த்திகை மாதம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் ஓடும் இரைச்சல்.

"சுரேசண்ணா, நான் ரேஷ்மா."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"எங்கம்மா என்னெ அடிச்சதுக்கு ஊரே கை தட்டுது. சந்தோசமா கீறாளா?"

"அப்டி இல்ல ரேஷ்மா..."

"பின்ன எப்டி? தெனம் ஷிப்டுக்குப் போற பஸ்ஸுல இதான் போடறாங்க. எல்லாரும் கைய தூக்கறாங்க. நானும் தூக்கறேண்ணா. தூக்கலன்னா ஏன்னு கேப்பாங்க, இன்னா சொல்லுவேன்?"

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"பொங்கலுக்கு வூட்டுக்கு வரலாம்னு இருந்தேன். வர்லன்னு சொல்லிடு அவகிட்ட."

வெட்டாத முழு ரெக்கார்டிங் அதே போனில்தான் இருந்தது. அப்போதே அனுப்பியிருந்தால் அவள் அம்மா உண்மையில் என்ன சொன்னாள் என்று தெரிந்திருக்கும். வெட்டியது யார் என்பதும் தெரிந்திருக்கும். "சரியா கேக்கல, சிக்னல் இல்ல" என்று சொல்லி போனை வைத்தேன். எதிரில் இருந்த செல் டவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து நகரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கூடம் லீவு. அத்தை வீட்டு வாசலில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார் என்று கையைக் காட்டினாள். உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். தருண், மேடம், ரேஷ்மாவின் போன். கடைசியாக, "நீ படியத்தான் சொல்றேன்னு எனக்கு அப்பவே தெரியும் அத்த" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பேசியபோது நடுவில் இடைவெளியே இல்லை. சாதாரண ஆள் மாதிரி பேசினாள்.

"தெரிஞ்சேதான் அப்டி கேட்டியா?"

"கேக்கும்போது தெரியாது. நீ எம்மாம் வேணும்னு கேட்டப்ப தெரிஞ்சிது."

"அப்ப ஏன் வாய மூடிக்கினு இருந்தே?"

நான் நறுக்கிய கத்தரிக்காயைப் பார்த்தேன்.

"அன்னிக்கும் மூடிக்கினுதானே இருந்தே. கேரியர தொறந்துக்கினு."

அவள் அதைப் பார்த்திருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. கரெண்டு போன கூடத்தில், அடித்த கையோடு நின்றவள், குனிந்திருந்த என்னையும் பார்த்திருக்கிறாள். அது தெரிந்தும்தான் எனக்கு ஐம்பது படியைக் கொடுத்திருக்கிறாள்.

"முழுசா போடு" என்றாள். போட்டேன். தன் குரலைக் கேட்டபடி நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே இருந்தாள். 'அம்பது மெட்டு எடுத்துக்கோ' என்ற இடம் வந்ததும், "போதும், நிறுத்து" என்றாள்.

"இத ரேஷ்மாக்கு அனுப்பட்டுமா அத்த?"

"நீ எதையும் அனுப்பாத. அது சாமிக்கு சொன்னது. அவகிட்ட சொல்ல எனுக்கு வாய் கீது." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "தடாவுக்கு எங்க பஸ்ஸு மாறணும்?"

"சத்தியவேட்டுல. நானும் வரட்டுமா?"

"வாணாம். ரெண்டு பேரும் பேசறத கேக்க இன்னொரு ஆளு எதுக்கு? உன் பையில போன் வேற இருக்கும்."

அது கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. நான் திரும்பி நடந்தபோது கூப்பிட்டாள்.

"சுரேசு. அந்த அம்பது மெட்ட குட்துடு."

"எப்டி அத்த குடுக்கறது?"

"போயி வெய்யி. மஞ்ச குங்குமம் வாங்கிக்கினு போயி, எண்ணி அம்பது. வாயத் தொறக்காத. நான் தொறந்துதான் இந்தக் கதி."

புதன்கிழமை அத்தை லீவு போட்டுவிட்டுத் தடாவுக்குப் போகிறாள் என்று அம்மா சொன்னாள். அதே புதன்கிழமை காலை நான் ஸ்ரீவாரி மெட்டு அடிவாரத்தில் ஒரு சின்ன வாளியோடு நின்றேன். படிக்குப் படி குனிந்தேன். பத்தாவது படியிலேயே இடுப்பு வலித்தது. இப்படி இரண்டாயிரத்துக்கு மேல் அவள் குனிந்திருக்கிறாள், நான் பக்கத்தில் தாளம் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன்.

முப்பது தாண்டியபோது நான்கு பையன்கள் மேலே ஏறி வந்தார்கள். ஒருவன் நின்று என் முகத்தைக் குனிந்து பார்த்தான். பாட்டு வீடியோவில் தருணுக்குப் பின்னால் இரண்டு செகண்டு நான் வருவேன்.

"அன்னா! 'அடிச்ச கை' மீரே கதா? ரைட்டர் அன்னா?" நீங்கள்தானே என்று தெலுங்கில் கேட்டான்.

"ஒரு தரம் சொல்லுங்கண்ணா, வீடியோக்கு" என்றான் இன்னொருவன் தமிழில். போன் ஏற்கனவே உயர்ந்திருந்தது.

வாயைத் திறக்கக் கூடாது. வேண்டாம் என்று காட்டக் கையைத் தூக்கினேன். மஞ்சள் பூசிய கை, விரல் விரிந்து, அவர்கள் முகத்துக்கு நேராக. நான்கு பேரும் ஓவென்று கத்திக்கொண்டு தங்கள் கைகளைத் தூக்கினார்கள். அவர்களுக்கு அது பாட்டின் ஸ்டெப். ஒருவன் போனில் பாட்டைப் போட்டான். அத்தையின் குரல் அந்தப் படிகளிலேயே மறுபடி ஒலித்தது, 'அடிச்ச கை, அடிச்ச கை' என்று, அதற்கு மேல் இல்லாமல். அவர்கள் சிரித்துக்கொண்டே மேலே போனார்கள்.

எத்தனையாவது படி என்பது மறந்துவிட்டது. முப்பத்தைந்தா, ஆறா? உத்தேசமாகப் போட்டு முடித்திருந்தால் யாருக்கும் தெரியாது. கீழே இறங்கிப்போய் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"வள்ளி போய்ட்டு வந்துட்டாடா. ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய நின்னு பேசிக்கினு இருந்தாங்களாம்."

"ரேஷ்மா பொங்கலுக்கு வருதா?"

"தெரியலன்னு சொன்னா. 'துன்னியாம்மா'ன்னு பொண்ணு கேட்டுதாம். அத சொல்லி சொல்லி அழுவறா. மத்தது எதுவும் சொல்லல."

"என்னப் பத்தி?"

"'அம்பதும் வெச்சானா'ன்னு கேட்டா. இன்னாடா அது அம்பது?"

"வெச்சேன்னு சொல்லும்மா. நடுவுல எண்ணிக்க தப்பிடுச்சு, மொதல்லேர்ந்து திரும்ப வெச்சேன்னு சொல்லு."

"எனுக்கு ஒண்ணும் புரியல. நீயே வந்து சொல்லு அவகிட்ட."

சரி என்றேன். கையில் மஞ்சள் நான்கு நாள் இருந்தது. அந்தப் பையன்கள் எடுத்த வீடியோ, மஞ்சள் கையோடு நானும் ஸ்டெப் போடுவது போல, அதற்குள் பரவிவிட்டது, எங்கள் தெருவுக்கும் வந்திருக்கும். நகரிக்குப் போக திருப்பதி பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு தடவை போனேன். இன்னும் பஸ் ஏறவில்லை.